யாருமிலியின் ரசிகர்கள்

சுருட்டிய போஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் அந்த அரங்கின் வாசலுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. அச்சகங்கள் நெருக்கியடிக்கும் தெருவின் கடைசியில், துருப்பிடித்த கம்பி வேலிக்குப் பின்னால் அந்தக் கட்டடம் நின்றது. ஒரு காலத்தில் ஏதோ தொழிற்சங்கத்தின் அரங்கம். பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றும், இடிக்க உத்தரவு வந்துவிட்டது என்றும் காவலாளி சொன்னார். சொல்லிவிட்டு, எதற்கு வந்தாய் என்று கேட்டார்.

அவள் ஊடகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வேறு கல்லூரியிலிருந்து வருடத்தின் நடுவில் மாறி வந்தவள். வகுப்பில் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் அந்தப் பெயர் பழசாகவில்லை.

பருவ இறுதிக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். இல்லாத ஒரு பாடகரை உண்டாக்க வேண்டும். பெயர், எழுத்துரு, நிறம், ஆல்பம் அட்டை, போஸ்டர், மாதிரிக்கு ஒரு பாட்டு என்று எல்லாம் நிஜப் பாடகரைச் சந்தைக்குக் கொண்டுவருவது போலவே இருக்க வேண்டும். நால்வருக்கு ஒரு குழு. எண்ணிப் பிரித்ததில் புதுசு மட்டும் மிஞ்சினாள். நீ தனியாகவே நன்றாகச் செய்வாய் என்று ஆசிரியை முதுகில் தட்டினார். தட்டிக்கொடுத்தாரா, தள்ளிவிட்டாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் உண்டாக்கிய பாடகியின் பெயர் யாருமிலி. முகம் காட்டாத பாடகி. போஸ்டரில் சாம்பல் நிற மேடை, ஒரு மைக், யாரும் உட்காராத ஒரு நாற்காலி. கீழே, 'சனிக்கிழமை மாலை 4 மணி. அனுமதி இலவசம்.' நிஜம் போலத் தெரியட்டும் என்று இந்த அரங்கின் பெயரையே போட்டிருந்தாள். வாசலில் இருந்த கண்ணாடி அறிவிப்புப் பெட்டிக்குள் அதை ஒட்டிப் படம் எடுக்கத்தான் வந்தது.

காவலாளி பெட்டியைத் திறந்துவிட்டார். பத்துப் பதினைந்து கோணங்களில் எடுத்தாள். கிளம்பும்போது போஸ்டரைக் கழற்றப் போனவளை அவர் தடுத்தார். சும்மா கிடக்கிற பெட்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும், தனக்கும் பார்க்க ஏதாவது இருக்கும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று தன் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. ரசிகர்கள்.

ரசிகர் இல்லாமல் பாடகர் இல்லை, இந்தப் பாட்டை யார் கேட்பார்கள் என்று ஆறு பேரைப் பற்றி எழுது, ஆளைப் பார்க்காமல் கற்பனையாக எழுதாதே என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் நண்பர்களையும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் பேட்டி எடுத்தார்கள். அவளுக்குக் கேட்க ஆள் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சின்னப் பெட்டிச் செய்திகள் கண்ணில் பட்டன. அடையாளம் தெரியாத உடல். சுமார் அறுபது வயது ஆண், நீலக் கட்டம் போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. சுமார் எழுபது வயதுப் பெண், பழுப்பு ஸ்வெட்டர், வலது காலில் மட்டும் செருப்பு. சுமார் முப்பத்தைந்து வயது ஆண், விரல் இடுக்கெல்லாம் சிமென்ட். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வாசல், பூங்கா பெஞ்சு. ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடிந்தது. உறவினர் எவரும் உரிமை கோரவில்லை.

ஆறு செய்திகளை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வாழ்க்கை எழுதினாள். பேனாக்காரர் வானொலி அறிவிப்பாளரின் பிழைகளைத் திருத்துவார். ஸ்வெட்டர் போட்ட அம்மா பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடுவார். சிமென்ட் கைக்காரன் கூலி வாங்கிய அன்று யாருக்காவது போன் செய்ய நினைப்பான், யாருக்கு என்று தெரியாது. எழுதி முடித்தபோது ஐந்து மாதத்தில் முதல்முறையாக நாலு பேரோடு உட்கார்ந்து பேசிய திருப்தி அவளுக்கு இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மூன்றே முக்காலுக்கு, காவலாளி கூப்பிட்டார். உன் ஆட்கள் வந்துவிட்டார்கள், நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

வகுப்புப் பிள்ளைகளின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். போஸ்டரைப் பார்த்துவிட்டு வம்புக்கு வந்திருப்பார்கள். கோபத்தின் நடுவே, தன்னைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அறையிலிருந்து அரங்கத்துக்குப் பத்து நிமிட நடை. ஓடினாள்.

காவலாளி கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றிருந்தார்.

"நான் பூட்டைத் திறக்கலம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "பக்கக் கதவு வழியா ஒவ்வொருத்தரா போனாங்க. யாருக்கும் வழி கேக்கத் தோணல. நீயே போய்ச் சொல்லி அனுப்பிடு."

கூட வரும்படி கேட்டாள். முழங்கால் வலி என்றார். காலை நகர்த்தவே இல்லை.

பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் வாடைதான் முதலில் அடித்தது. காயாத துணியை மடித்து வருடக்கணக்கில் அலமாரியில் வைத்தது போன்ற வாடை. அதற்கு அடியில், ஆஸ்பத்திரி நடைகளில் தரை துடைக்கும் மருந்தின் நெடி. மேலே உடைந்த ஓடுகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. அதில் தூசி மிதந்தது. அப்படி மிதந்ததே தவிர, அசையவில்லை.

இருக்கைகளில் ஆட்கள் இருந்தார்கள்.

தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோருடைய முகமும் மேடையைப் பார்த்திருந்தது. இருமல் இல்லை, நாற்காலிக் கிறீச்சு இல்லை, கைப்பேசி வெளிச்சம் இல்லை. அவள் எண்ணினாள்.

ஆறு.

சுவரோரமாக நடந்து மேடைக்கு ஏறினாள். பலகை அவள் காலடியில் முனகியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிக்க வேண்டும், இது கல்லூரிப் பயிற்சி, அப்படி ஒரு பாடகியே கிடையாது, போஸ்டரைக் கழற்றாமல் போனது என் தப்பு என்று சொன்னாள். நல்ல பிள்ளையாகக் கைகூடக் கூப்பினாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

வெயில் கம்பி ஒன்று மூன்றாவது வரிசையில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவரின் சட்டை தெரிந்தது. நீலக் கட்டம். பையில் இரண்டு பேனா.

அவள் பார்வை தானாகவே கீழே போனது. முதல் வரிசை ஓரத்தில் இரண்டு பாதங்கள். ஒன்றில் செருப்பு. மற்றது வெறும் கால், ஈரமாக இருந்தது.

ஓட வேண்டும் என்று தோன்றியது.

"பரவாயில்லம்மா," என்றது ஸ்வெட்டர் போட்ட உருவம். மிக மெல்லிய குரல். வாய் அசைந்ததா என்று தெரியவில்லை. "நீ கிளம்பு. பாடறவங்க வரும்போது வரட்டும். காத்திருக்கறது எங்களுக்குப் பழக்கம்தான்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் ஓடியிருப்பாள். இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. இவர்கள் இனி எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டடத்தை இடித்தாலும் இங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டது அவள். பெயர்கூட இல்லாதவர்களுக்கு ஒரு வாழ்க்கையை எழுதி, இடமும் நேரமும் குறித்து, அனுமதி இலவசம் என்று அச்சடித்துக் கூப்பிட்டது அவள்தான்.

அவளுக்குப் பாட வராது. பள்ளியில் குழுப்பாட்டில்கூடப் பின்வரிசைதான். ஆனால் மாதிரிக்கென்று எழுதிய நாலு வரி நினைவில் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

*விளக்கணைத்த வீட்டுக்குள்ளே*
*யாரும் இல்லை என்று சொன்னேன்.*
*இல்லை என்ற சொல்லைக் கேட்க*
*யாரோ ஒருவர் இருந்தாரே.*

குரல் நடுங்கியது. சுருதி எங்கோ போனது. நாலு வரி முடிந்து கண்ணைத் திறந்தாள்.

எல்லோரும் முதல் வரிசையில் இருந்தார்கள்.

பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி.

நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. சிமென்ட் விரல்கள் மேடை விளிம்பைப் பிடித்திருந்தன. முகங்கள் இப்போது கிட்டத்தில் இருந்தன. ஆனாலும் அவற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்ததும் மறந்துபோயின. சுமார் அறுபது, சுமார் எழுபது என்று மட்டுமே சொல்ல முடிகிற முகங்கள்.

யாரும் கைதட்டவில்லை.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டார் பேனாக்காரர்.

தப்பித்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அடுத்த சனிக்கிழமை."

எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கேட்டருகே காவலாளி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். எல்லோரும் போயாயிற்றா, யாரும் வெளியே வரக் காணோமே என்றார். பிறகு கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பக்கக் கதவில் தலையை நீட்டிப் பார்த்தார். அரங்கம் காலியாக இருந்தது. முதல் வரிசையில் ஆறு நாற்காலிகளில் மட்டும் தூசி இல்லை. அவர் திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அவள் போஸ்டரைக் கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

அன்று மாலை தனியாக இருக்கப் பயந்து அண்ணனுக்கு போன் செய்தாள். அவளுக்கு இருந்த ஒரே உறவு அவன். வேறொரு ஊரில், குளிர்பதனக் கிடங்கில் வேலை. எட்டு மணி நேரமும் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றை ஆள். அண்ணனும் தங்கையும் பேசியே மாதக்கணக்காயிற்று. சண்டை ஒன்றும் இல்லை, பேச என்ன இருக்கிறது என்று விட்டுப்போனதுதான். அவன் வேலையில் இருந்தான். பின்னால் இயந்திர இரைச்சல். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். அடுத்த சனிக்கிழமை லீவு, அன்றைக்கு நிதானமாகப் பேசலாம் என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை பயிற்சியை ஒப்படைத்தாள். ரசிகர் பக்கங்களை ஆசிரியை நின்றபடியே படித்தார். வகுப்பிலேயே சிறந்தது இதுதான் என்றார். இவர்களையெல்லாம் நேரில் பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேன் மேடம்," என்றாள்.

அதன் பிறகுதான் காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை காவலாளி கூப்பிட்டு, அரங்கத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், முன்பக்கச் சுவர் தரைமட்டம், நான் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னார். அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. இடமே இல்லை என்றால் வாக்கும் இல்லை. சனிக்கிழமை மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு, அறைக் கதவை உள்ளே தாழிட்டு, தலையணைப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் படுத்தாள். கனவுகூட இல்லாத தூக்கம்.

விழித்தபோது ஐந்தரை. காய்ச்சல் விட்டிருந்தது. தொண்டை மட்டும் ரணமாக வலித்தது. கதவுத் தாழ் போட்டபடியே இருந்தது.

போனை எடுத்தாள். அண்ணனிடமிருந்து ஓர் அழைப்பு. நாலு மணி ஏழு நிமிடத்துக்கு வந்தது.

பேசிய நேரம், நாற்பத்தொரு நிமிடம்.

உடனே அவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

நீ இவ்வளவு நன்றாகப் பாடுவாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றான். போனை ஓர் அம்மா எடுத்தார்களாம். பாடிக்கொண்டிருக்கிறாள், நீங்களும் கேளுங்கள் என்று காதோடு சொல்வது போலச் சொன்னார்களாம். முழுதும் கேட்டானாம். நாலு நாலு வரியாக நிறையப் பாட்டாம். நடுவில் ஒருவர் உச்சரிப்பைத் திருத்தினாராம். முடிந்ததும் அடுத்தது எப்போது என்று யாரோ கேட்க, இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் என்று அவளே சொன்னாளாம்.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்க போய் ஒத்தையா கெடக்கறியேன்னு எனக்கு ஒரே கவலை," என்றான் அண்ணன். "இவ்வளவு பேர் இருக்காங்கன்னு சொல்லவே இல்ல பாரு. ரொம்ப நல்ல மனுஷங்க. அந்தம்மா என்னைப் பத்தி எல்லாம் விசாரிச்சாங்க. எங்க வேலை, யார் கூட இருக்கேன், வீட்ல யார் காத்திருக்கான்னு. யாரும் இல்லன்னு சொன்னேன். அப்படின்னா அடுத்த வாரம் உனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைக்கறேன் தம்பின்னாங்க."

அவள் மிகவும் கஷ்டப்பட்டுக் கேட்டாள்.

"நீ என்னண்ணா சொன்ன?"

"வரேன்னு சொன்னேன்."