நாலு மீட்டரில் ஒரு மூச்சு

பகல் பதினொரு மணிக்குச் சோதனை அறைக்குள் போனேன். ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் இதயத் துடிப்பே கேட்கும். நெட்டையன் விபத்தில் செத்து ஆறு வாரமாகியும் அவன் தைல வாசனை அங்கிருந்து போகவில்லை.

அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இடிபாட்டில் சிக்கியவர்களின் மூச்சைக் கண்டுபிடிக்கும் மலிவு ரேடார் எங்கள் பொறுப்பு. செலவைக் குறைக்க, திரும்பி வரும் அலை எவ்வளவு பெரியது என்று அளக்காமல், ஒரு கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் குறித்துக்கொள்வோம். இதில் ஒன்றும் தேறாது என்று நான் கைகழுவினேன். அவன் அந்தக் கோட்டையே மேலும் கீழும் அசைத்து, இரைச்சலுக்குள் கிடந்த மூச்சைப் பிடித்துவிட்டான். எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

அவன் போனதும் அறிக்கையில் அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். இன்று தேறினால் கருவி என்னுடையது.

“உள்ள நீங்க மட்டும்தானே?” பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் அம்மா ஸ்பீக்கரில் கேட்டார்.

“ஆமா மேடம். எங்க நிக்கிறேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

ரேடாரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றேன்.

தைல வாசனை கூடியது.

யாரோ மூச்சு விட்டார்கள். நான் என் மூச்சை அடக்கினேன். அது நிற்கவில்லை.

“பிரமாதம்! நாலு மீட்டர்ல நிக்கிறீங்க.”

நாலு மீட்டரில் யாருமில்லை.

“ரெண்டு மீட்டர்ல ஒண்ணும் தெரியலையா மேடம்?”

“இல்லையே. ஒரே ஆளுதான்.”

பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. கிட்டே நிற்பவன் நான். என் எதிரொலிதான் அவனை அமுக்க வேண்டும். செத்த பிறகும் நீதானா? கையை வீசினேன். குதித்தேன்.

“இப்ப மூணு மீட்டர். நடந்து வர்றீங்களா?”

நான் நின்ற இடத்திலேயேதான் நின்றேன்.

“ரெண்டரை.”

பின்கழுத்தில் மூச்சுக் காற்று பட்டது.

கதவு திறந்தது. மேனேஜர் அம்மா கையிலிருந்த திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே உள்ளே வந்தார்.

“இனி இது உங்க கருவி. வாழ்த்துக்கள்” என்று வலது கையை நீட்டினார்.

நீட்டிய கை மேலும் கீழும் நன்றாகக் குலுங்கியது.

என் இரண்டு கைகளும் என் வாயைப் பொத்தியிருந்தன.