உள்பக்கத்து ஈரம்

அந்தக் கார் வந்து சேர்ந்தபோது மழை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

இழுவை வண்டிக்காரன் அதை ஷெட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். சாம்பல் நிறக் கார். சக்கர இடுக்குகளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

பெயின்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். "முதலாளி, இது காரா, மீன் தொட்டியா?"

"தொட்டியோ சட்டியோ, இன்ஜின் செத்துப்போச்சு. பிரிச்சுதான் விக்கணும்" என்றார் முதலாளி. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்ள, ஹெட்லைட் ரெண்டும் கீறல்கூட இல்லாம இருக்கு. உன் கேஸ். வந்து பாரு."

முதலாளியின் மனைவிக்குத் தம்பி அவன். ஷெட்டில் அவனுக்குக் கண் டாக்டர் என்று பெயர். அது சுருங்கி, வெறும் டாக்டர். மஞ்சள் படிந்த ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, விளக்கை வண்டியில் பிடித்திருக்கும் உடைந்த காதை ஒட்டுவது, உள்ளே ஈரம் கோத்த விளக்கைக் காயவைப்பது எல்லாம் அவன் வேலை. ஹெட்லைட் விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். பல்பு என்றால் பல்பு, ஒயர் என்றால் ஒயர். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அந்த மரியாதை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

இரண்டு விளக்குகளையும் கழற்றி மேசைமேல் வைத்து, பேட்டரி ஒயரைக் கொடுத்துப் பார்த்தான்.

வலது விளக்கு வெள்ளையாக எரிந்தது.

இடது விளக்கு மஞ்சளாக எரிந்தது.

ஒயரைப் பிடுங்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். அந்த ஜோடியை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.

பெருமழை பெய்த அன்று சாயங்காலம் அது. ரயில் பாலத்துக்குக் கீழே சாலை பள்ளமாக இறங்கும் இடத்தில் தண்ணீர் குளமாக நின்றது. மேலே, தண்டவாளத்தை ஒட்டிப் போகும் பாலச் சாலையின் ஓரமாக ஒரு கூட்டம் குடையும் தலைமேல் பையுமாக நின்று எட்டிப் பார்த்தது. அவனும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கலங்கிய தண்ணீருக்கு அடியில் இரண்டு வெளிச்சங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு பிராணி அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போல. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்.

"ஒரு கண்ணுக்கு மட்டும் மஞ்சக்காமாலை" என்றான் அவன். கூட்டம் சிரித்தது.

அப்போது அந்த வெளிச்சங்கள் அணைந்தன. எரிந்தன. மறுபடி அணைந்தன.

பக்கத்தில் நின்றிருந்த உயரமான மனிதர் ஒருவர், "உள்ள ஆள் இருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். சட்டையைக்கூடக் கழற்றிவிட்டார். நீச்சல் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

"அட இருங்க சார்" என்றான் டாக்டர். "ஆள் யாரும் இல்ல. தண்ணி போயி ஷார்ட் ஆகுது. நான் இந்த வேலதான் பாக்குறேன்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தவன் சொல்கிறான் என்ற பார்வை. அந்த உயரமான மனிதர் கொஞ்சம் அசடு வழிந்தபடி சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பித்தானாக.

வெளிச்சங்கள் இன்னும் வெகுநேரம் மினுக்கின. பிறகு வெள்ளை போனது. மஞ்சள் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, மங்கி, அதுவும் போனது.

மறுநாள்தான் உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அக்கா, "என்னடா, தட்டைப் பாத்தே பேசுற?" என்று கேட்டாள். ஷார்ட் ஆகிற விளக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அது துடிக்கும், தடுமாறும். அன்று அது அப்படி மினுக்கவில்லை. ஒரு கை ஸ்விட்சைத் தள்ளுவது போல, நிறுத்தி நிறுத்தி, பொறுமையாக மினுக்கியது. அது அப்போதே தன் கண்ணில் பட்டதா, படவில்லையா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம், படுத்திருந்தால் எழுந்துகொள்வான், நடந்துகொண்டிருந்தால் நின்றுவிடுவான்.

இப்போது அந்தக் கார் அவனைத் தேடி வந்துவிட்டது.

வேலை என்று வந்தால் செய்துதானே ஆகவேண்டும். வலது விளக்கில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. இடது விளக்கு மட்டும் உள்பக்கம் பூத்துப்போய், கண்ணில் பூ விழுந்தது போல இருந்தது. பின்மூடியைத் திறந்து சாய்த்தான். கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் வழிந்தது. காற்றுத் துளையை அடைத்திருந்த மண்ணை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தான். தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது என்று நினைத்து, நிறையப் பேர் அந்தத் துளையைப் பசை வைத்து மூடிவிடுவார்கள். மூடவே கூடாது. சூடானால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், ஆறினால் வெளிக்காற்று உள்ளே வரும். "விளக்கும் மூச்சு விடணும்ல" என்று வருகிறவர்களிடம் அவன் விளக்குவது வழக்கம்.

அன்று அதை நினைத்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டான்.

தலை உலர்த்தும் மெஷினை மிதமான சூட்டில் வைத்துக் காட்டினான். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடினான். மதியத்துக்குள் கண்ணாடி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் ஈரம் திரும்ப வந்திருந்தது.

முழுக்க இல்லை. ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. கண்ணாடியின் மேல்முனையில். ஈரம் எப்போதும் கீழேதான் தங்கும். இது உச்சியில் இருந்தது. தண்ணீர் ஏற ஏற, கடைசிக் காற்று எங்கே மிஞ்சுமோ, அங்கே.

மறுபடி காயவைத்தான். வெயிலில் கொண்டுபோய் வைத்தான். தகரக் கூரை சுடுகிற வெயில். கீழே வைத்த ஸ்பேனரைத் தொடமுடியவில்லை. முக்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தான்.

கண்ணாடி தெளிவாக இருந்தது.

பூத்தது.

தெளிந்தது.

மறுபடி பூத்தது.

அவன் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தான். அது நிறுத்தவில்லை.

"என்ன டாக்டர், பேஷண்ட் பொழைப்பாரா?" என்று பெயின்டர் கேட்டுக்கொண்டே டீ குடிக்கப் போனார். விளக்கின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடி, மேசைக்குக் கொண்டுவந்தான். இறக்கி வைக்கும்போது துணி நழுவிக் கீழே விழுந்தது.

அதை எடுக்கக் குனிந்தபோதுதான் வாசலில் ஒரு பெண் நின்றிருந்ததைப் பார்த்தான்.

"அண்ணா, முதலாளி உங்களக் கேக்கச் சொன்னார். அந்தச் சாம்பல் கலர் வண்டி எங்களோடது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி ஒண்ணு டேஷ்போர்டுல இருக்கும்."

முன்னமே அதை எடுத்து அலமாரியில் வைத்திருந்தான். பெட்டியோடு கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், கைகளை மட்டும் பார்த்துக் கொடுத்தான்.

அவள் கண்ணாடியை வெளியே எடுத்தாள். சேறு படிந்திருந்தது. வாயருகே கொண்டுபோய், வெகுநாள் பழக்கம் போல, ஹா என்று ஊதினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

மேசைமேல் இருந்த விளக்கின் உள்பக்கம் ஒரு வட்டம் பூத்தது.

அவள் துடைக்கத் துடைக்க, அது மறைந்தது.

அடுத்த பக்கக் கண்ணாடியில் ஊதினாள். விளக்கிலும் வட்டம் வந்தது. அதே அளவு.

அவள் அதைக் கவனிக்கவில்லை. துடைத்து முடித்த பிறகுதான் மேசைப் பக்கம் திரும்பினாள். பேட்டரியில் கொடுக்கும் ஒயர் எதிலும் மாட்டாமல் மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விளக்குக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுதான மஞ்ச பல்பு? நான்தான் வாங்கிட்டு வந்தேன். கடையில வெள்ள இல்லன்னுட்டான். திட்டுவாருன்னு பயந்தேன். பரவாயில்ல, நம்ம வண்டிய தூரத்துலயே அடையாளம் தெரியும்னு சிரிச்சாரு."

அவன் தலையை ஆட்டினான்.

"ஒண்ணு கேக்கவா அண்ணா? நீங்க இந்த வேல தெரிஞ்சவரு. தண்ணிக்குள்ள லைட்டு தானா மினுக்குமா?" அவள் குரல் தாழ்ந்தது. "தண்ணி ஏறுனதும் உடனே உயிர் போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா ரொம்ப நேரம் மினுக்குச்சாம்."

உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்தது. மினுக்காதும்மா, அவர்தான் கூப்பிட்டிருக்கார். இதைச் சொன்னால் இந்தப் பெண் வாழ்நாள் பூராவும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே அல்லவா உட்கார்ந்திருப்பாள்? சொல்லாமல் விடுவதுதான் இரக்கம் என்று நினைத்தான். அந்த இரக்கம் முதலில் யாருக்கு என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. காது மடல்கள் சுட்டன.

"மினுக்கும்மா" என்றான். "தண்ணி போனா ஷார்ட் ஆகும்."

அவள் அசையவில்லை. தூரத்தில் யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தது போல, தலையை லேசாகச் சாய்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னம்மா?"

"இப்ப சொன்னத. ஆள் யாரும் இல்லங்கறதையும் சேத்துச் சொல்லுங்க."

அவள் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். யாரோ பாலத்திலிருந்து எடுத்த வீடியோ. முகங்கள் இல்லை. தண்ணீரும் இரண்டு வெளிச்சங்களும் மட்டும். மழைச் சத்தம். ஒரு குரல் மஞ்சக்காமாலை என்றது. சிரிப்பு. பிறகு அதே குரல், தெளிவாக, கொஞ்சம் பெருமையாக:

"அட இருங்க சார். ஆள் யாரும் இல்ல. தண்ணி போயி ஷார்ட் ஆகுது. நான் இந்த வேலதான் பாக்குறேன்."

அவள் போனை அணைத்தாள்.

மேசைமேல் விளக்கு எரிந்தது.

மஞ்சளாக. பேட்டரி ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ஒயர் இன்னும் மேசையோரம்தான் தொங்கியது.

விளக்கு அணைந்தது.

எரிந்தது. நிறுத்தி நிறுத்தி. பொறுமையாக.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் அழவில்லை. மிக மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போலக் கேட்டாள்.

"இதுவும் ஷார்ட்டா அண்ணா?"

அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

அவள் நாலு பேர் கேட்கக் கத்தியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். அந்த ஆறுதலைக்கூட அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"இந்தக் கண்ணாடிய நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். விளக்கை ஒரு முறை, விரல் நுனியால், கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டாள். "அவர் உங்களத்தான் கூப்பிடுறாரு."

அவள் போன பிறகு ஷெட்டில் அந்த ஈரத் துணி வாடை மட்டும் நின்றது.

உடம்பு சரியில்லை என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பினான். ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவன் நின்றுவிட்டான். அதன் ஹெட்லைட்டின் உள்பக்கம், உச்சியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. பார்க்கப் பார்க்கச் சுருங்கியது. விரிந்தது.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளியே நடந்தான்.

வீட்டுக்குப் போகிற வழி ரயில் பாலம்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே பள்ளத்துச் சாலை காய்ந்து கிடந்தது. எதுவுமே நடக்காதது போல அதில் வண்டிகள் ஓடின. எதிரே வந்த பையன் ஒருவன் சைக்கிளில் இருந்தபடியே விரல்களை மூடித் திறந்து காட்டினான்.

"அண்ணே, லைட்டு மினுக்குது!"

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. பாலத்தின் ஓரச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழுவதும் மறைவதும் தெரிந்தது.

"ஷார்ட்டா இருக்கும்" என்று வேறு யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஓர் உயரமான மனிதர் நின்றிருந்தார். கீழே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெளிச்சம் பட்டதும் திரும்பினார். அன்று பித்தான் போட்ட அந்த விரல்களை டாக்டருக்கு அடையாளம் தெரிந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. மினுக்குகிற விளக்கை மட்டும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. கை தானாக எழுந்து சட்டையின் மேல் பித்தானைத் தேடியது.

"உள்ள ஆள் இருக்கு போல" என்றார்.

அவன் தலை குனிந்தது. அன்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது தொண்டையை விட்டு வெளியே வந்தது.

"இருக்கார் சார்."

விளக்கு நிற்கும் என்று நினைத்தான்.

அது அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.