பன்னிரண்டு காதுகளுக்கு ஒரு பாட்டு

ஆகஸ்ட் 11, திங்கள்.
இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். பிளேயரின் ஒலி அளவை இரண்டு தரம் பார்த்தேன். ஸ்பீக்கருக்கும் தனியாக ஒரு திருகு இருக்கிறது. அதை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் எழுதினாள். பேனாவை மூடினாள். உடனே திறந்து, எழுதியது சரிதானா என்று மறுபடி வாசித்தாள். சரிதான். மூடினாள்.

மாலை நடன வகுப்பில் அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பேர். கதவைப் பூட்டினால் ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். கேள்வி கேட்டால் பதிலை மனசுக்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்ப்பாள். அதற்குள் வேறு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

அப்படிப்பட்டவள்தான் இன்று கோட்டை விட்டாள்.

வகுப்பு நடப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில். அங்கே இருந்த பழைய பாட்டுப் பெட்டி போன மாதக் கடைசியில் உயிரை விட்டது. "எங்கிட்ட மியூசிக் பிளேயர் இருக்கு மாஸ்டர்" என்று ரெண்டுதரம்தான் முன்வந்தாள். மாமா தந்த பழைய பிளேயர், சோப்புக்கட்டி அளவு. சித்தி கடையிலிருந்து அதில் சொருகும் ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி வந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

கூடமே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. கொட்டாவி விட்டு விட்டே 'கொட்டாவி' என்று பேர் வாங்கிய பையன், திறந்த வாயை மூட மறந்து நின்றான்.

இரண்டே நிமிடத்தில் மேல்வீட்டு நர்ஸ் அக்கா இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் தலையணையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"கண்ணுங்களா, இந்த மாசம் முழுக்க எனக்கு நைட் டியூட்டி. விடிய விடிய நின்னுட்டு வர்றேன். சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தூங்கினாத்தான் அடுத்த ராத்திரி நிக்க முடியும். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். சுவரைப் பிடித்தபடி படியேறிப் போனார்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெதுவா வச்சா உங்க ஆறு பேருக்கும் கேக்காது. உங்களுக்குக் கேக்குற மாதிரி வச்சா மேல கேக்கும். நமக்கு வேற இடமும் இல்ல. சனிக்கிழமை போட்டியிலேர்ந்து பேரை எடுத்துட வேண்டியதுதான்."

"மாஸ்டர்!" என்று ஆறு பேரும் அலறினார்கள். பிறகு மேலே பார்த்துவிட்டு, "மாஸ்டர்…" என்று ரகசியமாக அலறினார்கள்.

"பாட்டு இல்லாம எப்படிடா ஆடுவீங்க? நாளன்னிக்கு வரைக்கும் பாப்போம். வழி கிடைக்கலேன்னா பேரை எடுத்துடுறேன்."

மூன்று மாதமாகப் பழகிய நடனம். வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் ரெண்டுதரத்தைத் திட்டவில்லை. சுழன்று சுழன்று ஆடுவதால் 'பம்பரம்' என்று பேர் வாங்கிய தோழி மட்டும், "விடுடி, திருகு ரொம்பச் சின்னதாத்தான் இருந்துச்சு" என்றாள். அது அவளை இன்னும் உறுத்தியது.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேராகச் சித்தியின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள். கல்லாவுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி உண்டு. யாரும் வாங்காமல் போன சாமான் எல்லாம் அதில்தான் கிடக்கும். கையில் கட்டும் பட்டை, மடக்கு ஸ்டாண்டு, கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ் ஏறும் சின்ன இயந்திரம். எல்லாம் மியூசிக் பிளேயருக்கு என்று யாரோ செய்தவை.

"என்னடி, புதையல் எடுக்கிறியா?" என்றார் சித்தி, போன் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு.

"சத்தமே வராம ஆறு பேருக்குப் பாட்டு கேக்கணும் சித்தி."

"அப்ப ஸ்பீக்கரைத் தேடாத. இயர்போனைத் தேடு."

சித்தி விளையாட்டாகச் சொன்னார். ஆனால் ரெண்டுதரம் அதை மனசுக்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு துளையை இரண்டாக்கும் வயர்கள் இருந்தன. ஒரு பக்கம் பிளேயரில் சொருகினால், மறுபக்கம் இரண்டு இயர்போன் மாட்டலாம். ஒன்றின் முனையில் இன்னொன்றை மாட்டினால் மூன்று பேர், பிறகு நாலு பேர்…

அன்று மாலை ஆறு பேரும் ஒரே பிளேயரில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு எறும்பு பாடுற மாதிரி கேக்குது" என்றான் கடைசியில் நின்ற நெட்டை.

"எங்களுக்கு எறும்பே இல்ல" என்றார்கள் இரட்டையர்.

பாட்டு தொடங்கியது. பம்பரம் தன் வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவ்வளவுதான். ஆறு வயரும் ஜடையாகப் பின்னிக்கொண்டன. கொட்டாவியின் மூக்கு நெட்டையின் முழங்கையில் இடித்தது. இரட்டையர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கீழே விரித்திருந்த பாயில் விழுந்ததால் சத்தம் வரவில்லை. சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்தபடி ரெண்டுதரம் யோசித்தாள். பாட்டு வேண்டும். வயர் கூடாது. இது நடக்கிற காரியமா? நான் எதற்கு இதில் தலையைக் கொடுத்தேன்?

ஆனாலும் புதன்கிழமை மறுபடி கடைக்குப் போனாள். ஏற்கெனவே பார்த்த பெட்டியை மறுபடி பார்ப்பது அவளுக்குப் புதிதா என்ன?

அடியில் தீப்பெட்டி அளவில் ஒன்று கிடந்தது. ஒரு முனையில் பிளேயரில் சொருகும் குச்சி. நடுவில் எண் காட்டும் குட்டித் திரை. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்.

"இது என்ன சித்தி?"

"அதா? காருக்காக வந்தது. பிளேயர்ல மாட்டினா, பாட்டு கார் ரேடியோவுல கேக்குமாம். ஒருத்தரும் வாங்கல. ஏன், நீ கார் வாங்கிட்டியா?"

ரெண்டுதரம் அதில் புதுப் பேட்டரி போட்டாள். பிளேயரில் சொருகினாள். பாட்டை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

அலமாரியில் சித்தியின் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. "நாளை பல இடங்களில் லேசான மழை…" என்று சொல்லிக்கொண்டே வந்த குரல், சட்டென்று டம்டம் என்று கொட்டடித்துப் பாட ஆரம்பித்தது.

சித்தியின் கையிலிருந்த திருப்புளி விழுந்தது. "ஏய்! செய்தி வாசிக்கிறவங்க எதுக்குப் பாடுறாங்க?"

"அவங்க பாடல சித்தி. நான் பாடுறேன்!" ரெண்டுதரம் துள்ளினாள். பிறகு சந்தேகம் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி பாடியது.

பாட்டு வயரில்லாமல் காற்றில் போகிறது. பிடித்துக்கொள்ள ஒரு ரேடியோ போதும். ஆளுக்கு ஒரு ரேடியோ, ஆளுக்கு ஓர் இயர்போன்!

அன்று மாலை வீட்டுக்கு வீடு வேட்டை நடந்தது. பழைய பட்டன் போன்களில் ரேடியோ உண்டு. இயர்போன் வயரைச் சொருகினால்தான் அது எடுக்கும், வயர்தான் அதற்கு ஏரியல் என்று ரெண்டுதரம் ஒவ்வொன்றையும் சோதித்துக் கண்டுபிடித்தாள். நெட்டையின் வீட்டில் போன் இல்லை. அவன் அப்பாவின் பெரிய ரேடியோவை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பள்ளிக்கூடத்துக்கா போற?" என்றாள் பம்பரம்.

"குனிஞ்சா தலைக்கு மேல வந்துடும் போலிருக்குடா" என்றான் கொட்டாவி. கடைசியில் சித்தி ஒரு பழைய போனைக் கடனாகத் தந்தார்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்குத்தான் கடைசி நாள்."

எல்லாரும் ஒரே எண்ணை வைத்தார்கள். ரெண்டுதரம் பொத்தானை அழுத்தினாள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தார்கள். கூடத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

பாதியில் கொட்டாவி மட்டும் விசித்திரமாகத் துள்ளினான்.

"டேய், என்னடா ஆடுற?"

"எனக்குப் பாட்டு போயிடுச்சு. சோப்பு விளம்பரம் வருது. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ வானொலி நிலையம் இருந்தது. ரெண்டுதரம் உட்கார்ந்து எண்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திக் கேட்டாள். எங்கே யாரும் பேசவில்லை, எங்கே வெறும் இரைச்சல்? ஒரு காலி இடம் கிடைத்தது. திரும்பவும் கேட்டாள். காலிதான்.

அதன்பிறகு பாட்டு அறுபடவே இல்லை. மாஸ்டர் பேரை எடுக்கிற பேச்சையே எடுக்கவில்லை. சும்மா தாளம் போட்டார், தொடையில், சத்தம் வராமல்.

வெள்ளிக்கிழமை மாலை ஜன்னலை யாரோ டொக் டொக் என்று தட்டினார்கள். நர்ஸ் அக்கா.

ரெண்டுதரம் இயர்போனைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். "அக்கா, சத்தம் கேட்டுச்சா?"

"அதான் கண்ணு கேக்கல! ஜன்னல் வழியாப் பாத்தா நீங்க குதிக்கிறீங்க, சுத்துறீங்க, ஒரு சத்தமும் இல்ல. என் காதுதான் போயிடுச்சோன்னு பயந்து கண்ணாடியைத் தட்டிப் பாத்தேன்."

ரெண்டுதரம் தன் இயர்போனை நீட்டினாள். அக்கா காதில் வைத்தார். புருவம் மேலே போனது. தோள் ஆடியது. பிறகு வேறு எதையும் கேட்காமல் படியில் உட்கார்ந்து, அந்த நடனத்தை மூன்று முறை பார்த்தார்.

"நாலு நாளா செத்தவ மாதிரி தூங்கினேன்" என்றார் போகும்போது. "நாளைக்கு எத்தனை மணிக்குப் போட்டி?"

சனிக்கிழமை. திறந்தவெளி மேடை. இரண்டு பக்கமும் பீரோ அளவு ஸ்பீக்கர்கள்.

"இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் இருக்கு. இன்னும் எதுக்கும்மா இந்தக் கயிறெல்லாம்?" என்றார் மாஸ்டர், ஆறு பேர் காதிலும் மாட்டியிருந்த இயர்போன் வயரைக் காட்டி.

"இருக்கட்டும் மாஸ்டர். ஒருவேளை…"

"ஒருவேளை என்ன?"

அவளுக்கே தெரியவில்லை. "இதோடயே பழகிட்டோம். அதான்" என்றாள்.

மேடை ஓரத்தில் சவுண்டுக்காரரின் மேசைக்குப் போனாள். ஜடையாகப் பின்னிய அதே வயரில் ஒன்றைப் பிளேயரில் சொருகினாள். ஒரு முனை சவுண்டுக்காரரின் இயந்திரத்துக்கு. இன்னொரு முனை அந்தத் தீப்பெட்டிக் கருவிக்கு. எல்லாத் திருகுகளையும் ரெண்டு தரம் பார்த்தாள். சவுண்டுக்காரரிடம், "நீங்களும் ஒரு தரம் பாத்துடுங்கண்ணா" என்றாள்.

"எனக்கே பாடமா!" என்று சிரித்துவிட்டு, அவரும் பார்த்தார்.

பாட்டு தொடங்கியது. ஆறு பேரும் ஒரே மூச்சாக ஆடினார்கள். பம்பரம் சுற்றினாள், எந்த வயரும் சிக்கவில்லை. நெட்டை தாவினான். கொட்டாவி கொட்டாவியே விடவில்லை.

பாதி நடனத்தில் ரெண்டுதரம் கவனித்தாள். சவுண்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டுகிறார். மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

நான்தான் தப்பாக ஆடுகிறேனோ? காதில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கால் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தரம் அவள் சரிபார்க்க நிற்கவில்லை. ஆடினாள்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். கண் சிவந்த நர்ஸ் அக்கா. கையை உயர்த்தித் தாளம் தட்டினார். சரியான இடத்தில், சரியான வேகத்தில். பக்கத்திலிருந்தவர் தட்டினார். வரிசை தட்டியது. கூட்டமே எழுந்து தட்டியது.

கடைசி அடி. ஆறு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். ரெண்டுதரம் இயர்போனை எடுத்தாள்.

காதை அடைத்தது கைதட்டல். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

சவுண்டுக்காரர் மேடைக்கு ஓடிவந்தார். "பாப்பா, பாதியிலேயே என் மெஷின் புகைஞ்சுபோச்சு! நிறுத்துங்கன்னு கையைக் காட்டுறேன், நீங்க பாட்டுக்கு ஆடுறீங்க! பாட்டே இல்லாம எப்படிம்மா?"

"பாட்டு இருந்துச்சே அண்ணா" என்றாள் ரெண்டுதரம்.

மாஸ்டர் அந்தத் தீப்பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கயிறுன்னு சொன்னேன்ல? வாபஸ்" என்றார். முதல் பரிசுக் கோப்பையை வாங்க அவளையே அனுப்பினார். கோப்பையின் மேல் பேர் சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான்.

கூட்டம் கலையும்போது நர்ஸ் அக்கா வந்தார். "நீ மட்டும் இங்க வா பாப்பா, ஒரு விஷயம் கேக்கணும்" என்று குனிந்து அவள் காதில் சொன்னார். ரெண்டுதரத்தின் முகம் முழுக்கச் சிரிப்பானது.

ஆகஸ்ட் 16, சனி.
ஜெயித்துவிட்டோம். அடுத்த மாதம் நர்ஸ் அக்காவுக்குப் பகல் டியூட்டி. அப்புறம் சாயங்காலம் அவரும் வகுப்பில் சேருகிறார்.
நாளை: சித்தி கடையில் ஏழாவது ரேடியோ ஒன்று தேட வேண்டும்.