பட்டறைக் கிணற்றுச் சிப்பிகள்

செத்த சிப்பி வாய் திறந்துவிடும், நாறும். கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தவை திறக்கவும் இல்லை, நாறவும் இல்லை.

மாலைக் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு முடிந்து வந்த லோகப்பிரியா, நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி பின்கட்டில் குனிந்து பார்த்தாள். ஆய்வுக்கென்று பேராசிரியர் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்திலிருந்து வரவழைத்துத் தந்த சிப்பிகள். இரண்டு தொட்டியிலும் ஒரே அளவு கடலுப்பு. குழாயில் வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் இருந்தவை முட்டை விட்டு, தண்ணீர் பாலாகக் கலங்கியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. உப்பை அளந்ததில் தவறிவிட்டோமோ என்று வழக்கம்போல் குழம்பினாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம், கணவன் சபரீஷின் குரோமிய முலாம் பட்டறை இரைந்துகொண்டிருந்தது.

"சிப்பிக்கு வளகாப்பு பண்றயா அம்மணி?" மாமியார் நாச்சியம்மாள் வாசற்படியில் நின்று சிரித்தாள்.

"அத்தை, கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுங்க. எனக்கும் சிறுவாணி குடுங்க. நேத்துல இருந்து கொளந்தை அசையறதே இல்லீங்க."

"இந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் உம்பட ஊட்டுக்காரனப் பெத்தேன். படிச்சதும் நாக்கு நீண்டுபோச்சா?"

அப்போது பட்டறை இல்லை என்பது அந்த மண்டைக்கு எட்டாது. சிறுவாணி விருந்தாளிக்கும் ஆண்களுக்கும், மருமகளுக்குக் கிணறு. இந்த வீட்டின் பெருந்தன்மை அவ்வளவுதான்.

உலோகம் பட்டால் சிப்பி இறுக மூடிக்கொள்ளும், விடாத முட்டைகளை உள்ளேயே கரைத்துக்கொள்ளும் என்று பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது.

கரண்ட் போனது. மெருகேற்றும் இயந்திரம் முனகி முனகி ஓய்ந்ததும், அமில நெடியோடு இருட்டு பின்கட்டுக்குள் வந்து நிறைந்தது.

டக்.

பல்லியாக இருக்கும் என்று நினைத்தாள். நகம் நகத்தில் மோதுவது போன்ற, ஈரமான சிறு ஓசை.

டக்.

"ஏனுங்க!" என்று பட்டறைப் பக்கம் கத்தினாள்.

"சிப்பி கடிச்சுப்போட்டுதா அம்மணி?" இருட்டுக்குள்ளிருந்து சபரீஷ் கேட்டான். அவனோடு வேலையாட்களும் சிரித்தார்கள்.

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். எல்லாம் மூடியிருந்தன. எதுவும் அசையவில்லை.

டக்.

தொட்டியிலிருந்து இல்லை.

ஈரக்கையை வயிற்றில் வைத்தாள். சில்லென்றிருந்தது. கல்லாக இறுகியிருந்தது. தோலுக்கடியில் வரி வரியாக விரலில் தட்டியது. நடுவில், குறுக்காக, ஒரு பிளவு.

அழுத்தினாள்.

பிளவு மெல்ல விரிந்தது. உள்ளே வெறுமை.

பிறகு, அவள் விரலுக்கடியில், இறுக மூடிக்கொண்டது.