லைன்ல இருங்க

"ஹலோ சார்... லைன்ல வாங்க! நாங்கல்லாம் என்ன, மழையில வேடிக்கை பார்க்கவா நிக்கிறோம்?"

பொரிந்து தள்ளிவிட்டுத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்து... இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து... பஸ்ஸுக்காக நின்ற வரிசையில் அவளுக்கு முன்னால் வந்து புகுந்த அந்த ஆள் அவ்வளவு உயரம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்... சண்டைக்கு நிற்கும்போது எதிராளியின் கண்ணையா கவனிப்பார்கள்? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"நான் லைன்லதாங்க இருக்கேன். சொல்லப்போனா காலையிலேர்ந்து லைன்லயேதான் இருக்கேன். குடையை விரிக்க ஒரு அடி ஒதுங்கினேன், அதுக்குள்ள என் இடத்தைப் பிடிச்சிட்டு என்னையே திட்டுறீங்களே!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல்! சாட்சாத் அந்தக் குரலேதான்...

ஊருக்கு வெளியே இருந்த சப்ஸ்டேஷனில் அவள் ஆபரேட்டர். எந்த லைன்மேனும் கம்பத்தில் ஏறும் முன் அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அவள் அந்தப் பக்கத்துக் கரண்டை நிறுத்திவிட்டு 'லைன் கிளியர்' கொடுப்பாள். வேலை முடிந்து எல்லோரும் கீழே இறங்கியதும், வாங்கியவரே போன் செய்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கரண்ட். அப்படித் தினமும் காதில் விழுகிற குரல்களில் இது ஒன்று. 'நெட்டை பேசுறேன்' என்று ஆரம்பிக்கிற கனமான குரல். தொப்பையும் முறுக்கு மீசையுமாக, ரிட்டயர் ஆகப் போகிற ஒரு பெரியவரை அந்தக் குரலுக்குப் பொருத்தி வைத்திருந்தாள்.

அவனும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றான்.

"ஒரு நிமிஷம்... 'லைன்ல வாங்க'... இந்த அதட்டல்... மேடம், நீங்க சப்ஸ்டேஷன் மேடமா?"

"நீங்க... நீங்கதான் நெட்டையா?"

"ஐயோ, நான் உங்களுக்கு அம்பத்தஞ்சு வயசு போட்டு வெச்சிருந்தேனே!"

"நான் உங்களுக்குத் தொப்பையே போட்டு வெச்சிருந்தேன்."

இருவரும் சிரிக்கக்கூட மறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. பின்னால் நின்றவர் பொறுமையிழந்து கத்தினார்.

"யாராவது ஒருத்தர் ஏறுங்கப்பா, லைன் நகரவே மாட்டேங்குது!"

நகரவில்லைதான். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

அன்றிலிருந்து அவன் போன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்தது.

"மேடம், லைன் கிளியர் திருப்பித் தர்றேன். ஆளுங்க எல்லாம் கீழ, கருவி எல்லாம் கீழ. கரண்ட் குடுக்கலாம். அப்புறம்... இன்னிக்கு ஒண்ணு மாட்டுச்சு."

"சொல்லுங்க, சீக்கிரம்."

"ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. 'தம்பி, என் மகனும் உங்க லைன்தான்'னாங்க. எந்த ஏரியா லைன்மேன்னு கேட்டேன். மிக்ஸி ரிப்பேர் பண்றாராம்!"

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதை எத்தனை பேர் எத்தனை விதமாகப் புழங்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய விளையாட்டு. ஒழுங்காக வேலை செய்கிற இருவருக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்குமா என்று கேட்காதீர்கள், பிடித்தது. போன் கிடைக்காவிட்டால் லைன் கிடைக்கவில்லை. டிக்கெட் வாங்க நிற்பதும் லைன். கோடு போட்ட நோட்டுக்கும் லைன், சினிமாப் பாட்டில் பிடித்த வரிக்கும் லைன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் லைன் வீடு. டாக்டருக்குப் படிக்கிறவள் மெடிக்கல் லைன். அவள் கேட்டது எல்லாவற்றையும் வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லுவாள், அப்பாவும் சிரிப்பார். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

"நான் குடியிருக்கிறது லைன் வீடு, பார்க்கிறது லைன் வேலை... கல்யாணத்துக்குத்தான் மேடம், லைனே கிடைக்கல."

"எந்த நம்பருக்கு ட்ரை பண்றீங்க?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பதில் சொல்லும் முன் ஃபோர்மேனின் கரகரத்த குரல் பின்னாலிருந்து கேட்டது.

"டேய் நெட்டை! கரண்ட் கேக்கச் சொன்னா லைன் அடிச்சிட்டிருக்கியா நீ?"

ஷாக் அடித்தது போலப் போனை வைத்துவிட்டாள். கன்னம் இரண்டும் சுட்டன. அந்த ஓர் அர்த்தத்தை மட்டும் அவன் இதுவரை சொன்னதே இல்லையே... ஏன் சொல்லவில்லை? சொல்லக் கூடாது என்றா, சொல்ல முடியாமலா? அன்று முழுக்க அவளுக்கு இதே யோசனை.

அதற்கான பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் அவள் வீட்டு வாசலுக்கே வந்தது. நேரே அப்பாவிடம் பேசுகிறேன் என்று அவன் சொன்னபோது அவளால் சரி என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

கதவைத் திறந்தது அப்பா. அவருடைய சட்டையின் வலது கை மடித்து, தோளோடு ஊசி குத்தியிருந்தது. உள்ளே கை இல்லை.

நெட்டையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. அந்த ஊசியைப் பார்த்தவன் கண்ணை எடுக்க முடியாமல் நின்றான்.

"உட்காருங்க தம்பி. என்ன வேலை?"

"லைன்மேனா இருக்கேங்க."

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓ... தினம் ஒரு லைன் சொல்ற ஆளு நீங்கதானா? நல்லா சிரிச்சிருக்கேன் தம்பி. ஊருக்கு அந்த வார்த்தைக்கு எத்தனையோ அர்த்தம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்." இடது கையால் மடித்த சட்டையைத் தொட்டார். "நானும் லைன்மேனா இருந்தவன்தான். ஒருநாள் கம்பத்து மேல இருக்கேன். கீழேருந்து எவனோ ஒருத்தன், எல்லாரும் இறங்கியாச்சுன்னு போன் பண்ணிட்டான். பேசுறது யாருன்னுகூடக் கேக்காம அங்க கரண்டைப் போட்டுட்டாங்க. இவ இந்த வேலையில போய் உட்கார்ந்ததே அதுக்காகத்தான். நாளைக்கு இவ இன்னொரு கம்பத்தை நினைச்சு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கணுமா? என்னால முடியாது தம்பி. மன்னிச்சிடுங்க."

அவன் எழுந்து கும்பிட்டான். டீ ஆறிக் கிடந்தது. போகும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அவளுக்கு முந்தைய ஷிப்டில் இருந்த அக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"நெட்டை பேசினான்டி. உன்னை மறந்துடச் சொன்னான். உங்கப்பா சொன்னதுதான் நியாயமாம். நல்ல ஆபீஸ் வேலையில இருக்கிற மாப்பிள்ளையா பார்க்கணுமாம்."

அவள் அதிர்ந்துபோனாள். "அவரேவா சொன்னார்? அப்படின்னா எங்கிட்ட சொல்ல என்ன? தினமும் எனக்குத்தானே போன் பண்றார்?"

"அவனால முடியலையாம்."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பா ஒரு வார்த்தை சொன்னதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது... ஆள் விட்டுச் சொல்கிறாராம், ஆள்! அதற்குப் பிறகும் அவன் போன் வந்தது. 'லைன் கிளியர் வேணும் மேடம்.' 'கொடுத்தாச்சு.' 'திருப்பித் தர்றேன் மேடம்.' 'சரி.' வால் அறுந்துபோயிருந்தது.

புயல் அடித்த அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து பாதி ஊர் இருட்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற லைனைச் சரிசெய்ய நெட்டைதான் கூப்பிட்டான். மழைச் சத்தத்தில் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. லைன் கிளியர் கொடுத்தாள். 'பார்த்து ஏறுங்க' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"எல்லாம் கீழ. ஆஸ்பத்திரி லைனைப் போடும்மா."

அவன் குரல் இல்லை.

"யார் பேசுறது?"

"நான்தான் ஃபோர்மேன். நெட்டை போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. அவன் இறங்கிட்டான், என் கண்ணால பார்த்தேன். போடு!"

"சார், லைன் கிளியர் வாங்கினது அவர். அவரைப் பேசச் சொல்லுங்க."

"அவன் எந்தப் பக்கம் போனான்னு இந்த மழையில தேடவா? ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் எந்நேரமும் நின்னுடுமாம்! என்னைப் பொய்யன்னு சொல்றியா?"

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர்... அவள் கை தானாகவே சுவிட்ச் பக்கம் போனது. போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஊசி குத்திய அந்தச் சட்டைக் கை கண்முன்னால் ஆடியது.

"போட மாட்டேன் சார்."

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடுவேன்! வேலை போயிடும் உனக்கு!"

"போகட்டும். அவர் குரல் கேக்கணும். இல்லைன்னா இங்க வரச் சொல்லுங்க. நேர்ல வந்து சொல்லட்டும்."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் செய்தது சரியா? ஒருவேளை அவர் எப்போதோ இறங்கியிருந்தால்... ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்... மழை ஜன்னலை உடைப்பது போல் அடித்தது. 

கடைசியில் கேட்டில் ஒரு ஜீப் வந்து நின்ற சத்தம். கதவு திறந்தது. வாசலில் நெட்டை. கால்முட்டி வரை சேறு. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"மேடம்... லைன் கிளியர் திருப்பித் தர வந்திருக்கேன். ஆளுங்க எல்லாம் கீழ. கருவி எல்லாம்... கீழ."

அதே குரல். அவள் எழுந்து சுவிட்சைப் போட்டாள். தூரத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"ஃபோர்மேன் பேசினப்ப... நீங்க எங்க இருந்தீங்க?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"மேல... ரெண்டு கையும் கம்பியில. இறங்கினது ஹெல்ப்பர் அண்ணன். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் மழைக்கோட்டு, ஒரே தொப்பி, அந்த மழையில உயரம்கூடத் தெரியல. அவரைத்தான் ஃபோர்மேன் நான்னு நினைச்சுட்டார். அப்புறம் நான் இறங்கி வர்றதைப் பார்த்ததும், அந்த மனுஷன் அப்படியே சேத்துல உட்கார்ந்துட்டார். கையில இருந்த போனும் சேத்துல போச்சு, அதான் நேர்ல வந்தேன்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சுவிட்ச் பக்கம் போன அந்தக் கையை இப்போதுதான் விரித்துப் பார்த்தாள்.

மறுபடியும் போன். அப்பா. புயல் நாளில் விளக்கு வந்தால் அவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கரண்ட் வந்துடுச்சும்மா. எல்லாரும் இறங்கிட்டாங்களா?"

"இறங்கிட்டாங்கப்பா..." அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது. நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"ஒரு ஆள் சொன்னான்னு நீ போடல, இல்ல?" அப்பாவின் குரல் கரகரத்தது. "போடல... என் பொண்ணு போடல... அந்தத் தம்பிகிட்ட போனைக் குடும்மா."

நெட்டை போனை வாங்கினான். "சரிங்க... சரிங்கய்யா..." என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. வைத்தபோது அவன் கண்ணில் நீர் நின்றது.

"அப்பா என்ன சொன்னார்?"

"நாளைக்கு வீட்டுக்கு வரணுமாம். வந்து ரெண்டு கையையும் அவருக்குக் காட்டணுமாம். 'கம்பத்துல நீ ஏறு, கீழ என் பொண்ணு இருக்கா'ன்னார்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்து... அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் போலவே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து...

"இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு. மறந்துடச் சொல்லி அக்காகிட்ட சொல்லியனுப்பினீங்களே... அதை நான் ஏத்துக்கல. அது உங்க குரல் இல்ல. வேண்டாம்னா நீங்களே சொல்லணும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, பார்க்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"முடியலைங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பஸ்ஸை விட்டுட்டு நின்னோமே, அன்னிலேர்ந்து பிடிச்சிருக்கு. உங்கப்பா சட்டையைப் பார்த்ததும் பயந்துட்டேன். அதை மறைக்கத்தான் ரோஷப்படற மாதிரி நடிச்சேன். இன்னிக்கு மேல நின்னப்பகூட கை கம்பியில இருந்துச்சு, மனசு இங்கதான் இருந்துச்சு. வேண்டாம்னு எப்படிங்க சொல்லுவேன்?"

"எனக்கும்தான்... எப்பவோ..." அவள் சுவிட்ச் பக்கம் போன அந்தக் கையை அவன் பக்கம் நீட்டினாள். ஈரமும் சேறுமாக இருந்த இரண்டு கைகளுக்குள் அது போய் ஒடுங்கியது.

போன் மறுபடி அலறியது. வேறொரு லைன்மேன், வேறொரு தெரு. அவள் இன்னொரு கையால் எடுத்தாள்.

"கொஞ்சம்... கொஞ்சம் லைன்ல இருங்க."

போனில் இருந்தவருக்குத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவனும் அசையவில்லை.