ஈரம் காயாத தகடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வெளியே காற்று சத்தம் போடுகிறது, என் குரல் உங்களுக்கு எட்டாமல் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. மிளகுத் தோட்டக்காரி மியென் கதையைச் சொல்லப் போகிறேன்.

முதலில் அவள் கவனித்தது ஈரத்தைத்தான். லாவோஸ் பக்கமிருந்து அனல் காற்று வீசும் மாதம் அது. குவாங் த்ரி மாகாணம் முழுக்க, கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து விறைத்துப்போகும். ஆனால் அடுக்களை ஜன்னலில் அவள் வைத்திருந்த தகட்டின் அடியில் மட்டும் துணி நனைந்து கிடந்தது. எடுத்துப் பிழிந்தாள். செந்நிறமாகச் சொட்டியது. புதிதாக வெட்டிய குழியின் வாசனை அடித்தது.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மிளகுக்கொடிக்குப் புதுக் கம்பம் நடத் தோட்டத்தின் கிழக்கு மூலையில் வெட்டியபோது அடித்த அதே வாசனை. அன்றுதான் மண்வெட்டியில் அது இடறியது. மண் இறுகி அப்பிய, உள்ளங்கை அளவுத் தகடு. அதன் கீழே மனித எலும்புகள். அந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் போர் நடந்த இடம். சொன்னால் எலும்பு தேடும் அரசாங்க ஆட்கள் வருவார்கள்; ஒருவர் கிடந்த இடத்தில் இன்னும் பலர் கிடப்பார்கள் என்று தோட்டத்தையே கிளறிப் போடுவார்கள். மூன்று வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த கொடிகள், முதல் காய்ப்புக்கு நின்றன. மியென் சுற்றிலும் பார்த்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். காலால் மிதித்து இறுக்கினாள். உலோகம் கிடைத்தால் எடைக்குப் போடும் ஊர்ப் பழக்கத்தில் தகடு மட்டும் கையோடு வந்துவிட்டது.

கொழுந்தன் துங் பழைய இரும்பு வாங்கி விற்பவன். என்னவென்று பார்க்கச் சொன்னாள். எங்கே கிடைத்தது என்று கேட்டான். ஆற்றங்கரையில் என்றாள்.

அவன் கையில் தூக்கிப் பார்த்தான். "குண்டுச் சில்லு இல்ல அண்ணி, அது இவ்வளவு லேசா இருக்காது. விழுந்த விமானத்தோட அலுமினியம். வெடிக்காது, பயப்படாதீங்க. உங்க மீன் குழம்பவிட ஆபத்து கம்மிதான்."

கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க ஒரு ஓரத்தில் வரிசையாகப் பற்கள் தெரிந்தன. சீப்பு. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் விமானத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, வீட்டில் காத்திருப்பவளுக்கென்று செய்வார்களே, அது. முதுகில் ஆணியால் கீறிய எழுத்து. துங் ஊதிவிட்டுப் படித்தான்.

லுவாவுக்கு, வின்.

அவன் சிரிப்பு நின்றுபோனது. லுவா பக்கத்துத் தெருக் கிழவி. கல்யாணம் முடிந்த கையோடு போருக்குப் போன புருஷன் வின்னின் எலும்பை ஐம்பது வருடமாகத் தேடுகிறாள். சாப்பாட்டுக் குச்சி ஒன்றை மண்ணில் நட்டு, அதன் நுனியில் கோழிமுட்டையை வைப்பாள். முட்டை விழுந்தால் அங்கே அவன் இல்லை. நின்றால், கீழே இருக்கிறான். இதுவரை நின்றதில்லை. அவனை அடக்கம் செய்யாமல் கண்ணை மூட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, நெஞ்சு கிழியும் இருமலோடு நடமாடினாள்.

துங் அன்றே சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தான், ஆற்றங்கரை என்ற பொய்யையும் சேர்த்து. மியென் திருத்தவில்லை.

மறுநாளிலிருந்து மிளகுக்கொடிகளுக்கு நடுவே நின்றால் ஆற்றங்கரை தெரிந்தது. அனலில் வளைந்த ஒரு முதுகு. குனியும். நிமிரும். குனியும். மியென் பார்க்காமலிருக்கப் பழகினாள். ஆனால் சீப்பு போன பிறகும் ஈரம் போகவில்லை. இப்போது அது அவள் நிற்கும் இடத்தில் ஊறியது. அடுப்படி மண்தரையில் அவள் பாதம் பட்ட இடமெல்லாம் கறுத்தது. அவள் படுத்த பாய் நனைந்தது.

ஒரு சாயங்காலம் லுவா வாசலில் வந்து நின்றாள். தலையில் அந்தச் சீப்பு.

"தண்ணி குடு பொண்ணே. இந்த ஒரு முட்டைதான் மிச்சம். இதுவும் உடைஞ்சா பொரிச்சுத் தின்னுட்டுச் செத்துப்போறேன்."

மியென் தண்ணீர் கொடுத்தாள். கிழவி குடிக்கவில்லை. மியெனின் காலடியில் கறுத்த தரையையே பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். குச்சியை அங்கே நட்டாள். முட்டையை வைத்துக் கையை எடுத்தாள்.

நின்றது.

"அங்க இல்ல பெரியம்மா." மியென் விலகினாள். முட்டை சரிந்தது. கிழவி பிடித்துக்கொண்டாள். மியென் விலகிப்போய் நின்ற இடத்தில் நட்டாள்.

நின்றது.

சுவரோரம். நின்றது. வாசற்படிக்கு வெளியே, வீசும் காற்றில். நின்றது. அசையவில்லை.

லுவா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். பேசியது புருஷனிடம்; குரல் குழந்தையுடையது போல இருந்தது. "இத்தனை நாள் இங்கயா இருந்தீங்க?"

சொல்லிவிட வேண்டும். தோட்டம் போகட்டும். கொடிகள் போகட்டும். கிழக்கு மூலை. இரண்டே சொல். மியென் வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. மண் வந்தது. சிவந்த, ஈர மண். நெஞ்சில் வழிந்து முட்டையைச் சுற்றிக் குவிந்தது. வாயை மூட முடியவில்லை. மண் நிற்கவில்லை. லுவா அலறவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். விரலால் சலித்தாள். ஒரு சின்ன எலும்பு. சட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு நிமிர்ந்து, மியெனின் தாடையைப் பிடித்து, இன்னும் அகலமாகத் திறந்தாள். தொண்டைக்குள் பெரிதாக ஏதோ ஒன்று மேலேறி வந்துகொண்டிருந்தது.

கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் எல்லாரும் போன இடத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும். இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிச் சோறுண்ணட்டும். உங்கள் பிள்ளைகளின் பாய் என்றைக்கும் காய்ந்தே இருக்கட்டும்.