முட்டை நின்ற இடம்

படையல் சோற்றில் ஒரு குழி விழுந்திருந்தது. லுவா அதைக் குவித்துத்தான் வைத்திருந்தாள். ஊதுபத்தி இன்னும் பாதிகூட எரியவில்லை. எலியாகத்தான் இருக்கும் என்று குழியை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த சுட்ட மண்பெட்டியைப் பார்த்தாள். உள்ளே, அவள் புருஷன் லான் என்று சொல்லிக் கொண்டுவந்த எலும்புகள். விடிந்தால் அடக்கம்.

வெளியூரில் செத்தவனை வீட்டுக்குள் விடாமல் வாசலோடு நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். ஆனால் அந்தி மழை வாசல் பந்தலைப் பிய்த்தெறிந்ததும் அவளே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் மலையில் நனைந்தது போதாதா அந்த மனுஷனுக்கு?

கொழுந்தன் வின் தன் வீட்டுக்குக் கிளம்பினான்.

"அண்ணி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. தனியா இருப்பீங்களா?"

"அதான் உங்கண்ணன் வந்துட்டாரே."

"முட்டை நின்னப்ப என்னா அழுகை அழுதீங்க! இன்னிக்காவது தூங்குங்க."

முட்டை. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை ஓய்ந்து, நாடு ஒன்றாகி, கூட்டுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்த பிறகுதான் அவளால் பன்றிகளை வளர்த்து விற்றுத் தெற்கே ரயிலேற முடிந்தது. வடக்குச் சிப்பாயாகப் போன லான் குண்டடிபட்டு விழுந்த மலையில் சாப்பிடும் குச்சியை நட்டு, அதன் நுனியில் முட்டையை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆள் கிடக்கும் இடத்தில் முட்டை விழாமல் நிற்கும் என்பார்கள். தொண்டை கிழியக் கூப்பிட்டும் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன. வின் தண்ணீர் தேடிப் போயிருந்தான். கையில் கடைசி முட்டை. "யாராயிருந்தாலும் வா, சோறு போடறேன்" என்று கெஞ்சிவிட்டாள்.

நின்றது.

எலும்புகளைச் சாராயத்தில் கழுவும்போது தாடையில் தங்கப்பல் மின்னியது. லானுக்கு ஏது தங்கப்பல்? வின் பார்க்குமுன் துணியைப் போட்டு மூடினாள். உண்மையைச் சொன்னால் பெட்டி மலைக்கே திரும்பிவிடும். மறுபடி எலும்பில்லாத வெறும் சமாதியைக் கும்பிட அவளுக்குத் தெம்பில்லை.

கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் சாராய நெடியும், இந்த ஊரில் எங்குமே இல்லாத செம்மண்ணின் ஈர வாடையும் மெல்ல ஏறிக்கொண்டு வந்தன. அவள் முதுகுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், யாரோ சோற்றை மென்றார்கள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

அப்போது வெளியே கதவு தட்டப்பட்டது.

"ஏய் தவளைக்குட்டி, திற."

அந்தப் பேர் அவளுக்கும் லானுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் வைத்த பேர்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு புள்ள. எந்திரிச்சு வர நேரமாயிடுச்சு. அவ்வளவு தூரம் நடந்தே வந்தேன். உள்ள என் எடத்துல எவனோ உக்காந்திருக்கான். என்னால வர முடியல. நீ திற."

அழுதுகொண்டே ஓடினாள். தாழ்ப்பாளைத் தொட்டாள்.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. உள்பக்கம். ஈரமாக. நகக்கண்ணெல்லாம் செம்மண்.

"வேணாங்க்கா," என்றது ஒரு குரல். தெற்கத்திப் பேச்சு. எதிர்ப்பக்கத்துச் சிப்பாய், மீசைகூட முளைக்காத குரல். "நீங்கதானே வான்னு கூப்பிட்டீங்க? எங்க வீட்டுல யாரும் தேடலக்கா."

"லுவா... லுவா..."

வெளிக்குரல் மழைக்குள் தள்ளித் தள்ளிப் போனது. தாழ்ப்பாளிலிருந்த அந்த ஈரக் கையை அவளால் அசைக்க முடியவில்லை.

இருட்டில் தங்கப்பல் மின்னியது. இன்னொரு கை காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டியது.